முந்நூறு புள்ளி

புத்தக அட்டை செய்வது என் தொழில். உள்ளே இருக்கும் பக்கங்களையும் நான்தான் கட்டுகிறேன். ஆனால் யாராவது கேட்டால் அட்டை என்றுதான் சொல்வேன். பக்கம் கட்டுகிறேன் என்றால் யாருக்கும் புரிவதில்லை. திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் வீடும் அலுவலகமும் ஒன்றாக இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பீரோ. அலுவலகத்தின் சுவர் அதுதான்.

1998-ல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு பைகிராப்ட்ஸ் சாலையில் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். (பாரதி சாலை என்று பெயர் மாறி ரொம்ப காலம் ஆகிறது. எங்கள் தெருக்காரர்கள் வாயில் இன்னும் பைகிராப்ட்ஸ்தான்.) பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் ஆய்வேடு டைப் அடிக்க மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சம்பளம் மாதம் 1,100 ரூபாய். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் மென்பொருளை அங்கேதான் பழகினேன். அதன் பிறகு கல்யாணம், குழந்தை, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர், வீட்டிலிருந்தே வேலை.

கவலை மட்டும் இந்த எல்லாவற்றுக்கும் முன்னாலிருந்தே என்னோடு இருக்கிறது. அதற்கு ஒரு நேரமும் உண்டு, இரவு இரண்டரை. ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் படுப்பேன். இரண்டரைக்கு முழிப்பு வந்துவிடும். ஆசிரியர் பெயரில் இனிஷியல் சரியாகப் போட்டேனா? புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், போன புத்தகத்துடையதோ? எழுந்துபோய் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். அணைத்துவிட்டு வந்து படுப்பேன். மூன்று மணிக்கு அடுத்த கேள்வி: இப்போது பார்த்த ஃபைல்தான் அனுப்பிய ஃபைலா?

வீட்டுக்காரர் முதல் சில வருடங்கள் கூடவே எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் தொழிலில் கவலைக்குத் தீனி போடும் இடம் முதுகு, அதாவது அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரியும் புத்தகத்தின் விளிம்பு. 16 பக்கம் ஒரு ஃபாரம். 12 ஃபாரம் புத்தகம் என்றால் 192 பக்கம், 96 தாள். 70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாளில் அடித்தால் முதுகு 9 மில்லிமீட்டர் சொச்சம் வரும். அதற்குத் தகுந்தபடி அட்டையைச் செய்து கொடுத்திருப்பேன். கடைசி நேரத்தில் அந்தத் தாள் கிடைக்கவில்லை என்று வேறு தாளில் அடித்துவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் மாறினால் போதும், முதுகில் நிற்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்குச் சறுக்கி வந்துவிடும். கடையில் அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் தாளையா திட்டுவார்கள்?

இதெல்லாம் வருடம் முழுக்கப் பரவலாக நடந்தால் பரவாயில்லை. சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. அன்றிலிருந்து தமிழ்ப் பதிப்புலகத்துக்கு வருடம் பொங்கலை ஒட்டித்தான் பிறக்கிறது. ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் கடை போட வேண்டுமென்றால், அக்டோபர் வரை தூங்கிக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதிகளெல்லாம் நவம்பரில் ஒன்றாக எழுந்து வரும். என் வருட வருமானத்தில் முக்கால் பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். என் தூக்கக்கேட்டிலும் முக்கால் பங்கு.

அப்படி ஒரு டிசம்பரில், 2018 என்று நினைவு, ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. தலைப்பைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் ‘கள்’ என்று முடியும் தலைப்பு என்பதோடு விடுகிறேன். கடுகு மஞ்சள் அட்டை, கறுப்பு எழுத்து, 300 படி. அன்றைக்கு அது எனக்கு நான்காவது புத்தகம். ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அன்று இரண்டரைக்கு முழிப்பு வரவில்லை. அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

ஐந்தாம் நாள் பதிப்பாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே ஒரு வரி: “மேடம், முதுகைப் பாருங்க.” பார்த்தேன். கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை. ள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ள நின்றுகொண்டிருந்தது.

எப்படி நடந்தது என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. அச்சகத்தில் எழுத்துரு மாறிவிடக் கூடாது என்பதற்காக, அனுப்புவதற்கு முன் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிவிடுவோம். அதன் பிறகு அது எழுத்தே இல்லை, வெறும் படம். ஒன்றாகச் சேர்ந்திருக்கும் அந்தப் படத்தைப் பிரித்தால் புள்ளி தனி வட்டமாகக் கழன்றுவிடும். முதுகின் நீளத்துக்கு அடக்குவதற்காகத் தலைப்பைப் பிரித்து இழுத்துச் சேர்த்திருக்கிறேன். அந்த இழுப்பில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. முன்னட்டையில் சரியாக இருந்தது. முதுகில் மட்டும் இல்லை.

காது இரண்டும் சுட்டது. குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இருபது வருடமாக எதை நினைத்துப் பயந்தேனோ அது வந்தேவிட்டது.

ராயப்பேட்டையில் பைண்டிங் கடை. ஆட்டோ பிடித்துப் போனபோது 300 புத்தகமும் வெட்டி அடுக்கித் தயாராக இருந்தன. பைண்டர் பாய் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். “எவ்ளோம்மா, முந்நூறா? முந்நூறு புள்ளி. வெச்சா தீந்துது” என்றுவிட்டுப் பசைக் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் எப்போதுமே இப்படித்தான். எத்தனை புத்தகம் என்று அவரிடம் கேட்டால் பிடிக்காது. எத்தனை ஃபாரம், எத்தனை மடிப்பு என்றுதான் கேட்க வேண்டும். புத்தகம் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும், மடிப்பு என்றால் கை பார்த்துக்கொள்ளும் என்பார்.

ஸ்டேஷனரி கடையில் மெல்லிய முனை சிடி மார்க்கர் மூன்று வாங்கினேன், 75 ரூபாய். மேட் லேமினேஷன் மேல் முதல் புள்ளி இழுவிக்கொண்டது. துணியால் துடைத்துவிட்டு வைத்து, கை படாமல் ஒரு நிமிடம் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்று பாய் காட்டிக்கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு வைத்திருப்பேன், கவிஞரே வந்துவிட்டார். தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். பதிப்பாளர் போன் செய்திருக்கிறார். நான் எழுந்து நின்றேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் முதுகைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஓலைச்சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க மேடம். எழுத்தாணி குத்தினா ஓலை கிழிஞ்சிடும். என் முதல் புத்தகமே சுவடி ஆயிடுச்சு, விடுங்க” என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவரும் வைக்க ஆரம்பித்தார். நாலரைக்குத் தொடங்கினோம். நடுவில் இரண்டு முறை டீ. ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும்போது முடிந்துவிட்டது. அவர் வைத்த புள்ளிகள் என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரியவை. அப்படி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

என் பில்லில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். பதிப்பாளர் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரும் பிழைக்க வேண்டுமே.

ஆட்டோவில் திரும்பி வரும்போது மனதில் கணக்குத்தான் ஓடியது. இருபது வருடம், வருடத்துக்குக் குறைந்தது அறுபது ராத்திரி. அவ்வளவு ராத்திரியையும் கொடுத்துப் பயந்த காரியம், வந்தபோது இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சொல்லப்போனால் அன்றைய சாயங்காலம் நன்றாகவே இருந்தது. வீட்டில் சொன்னேன். மறுநாளிலிருந்து நான் புரண்டு புரண்டு படுத்தால் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே கேட்பார்: “எத்தனை புள்ளி?”

வீட்டுப் பாஷையாகவே ஆகிவிட்டது அது. ஒருவர் 18,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார் என்று தூக்கம் கெடும். எத்தனை புள்ளி? ஒரு போன், ஒரு முறை நேரில் போவது, அதற்கும் வரவில்லை என்றால் ஒரு கடிதம். மூன்று. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் படுப்பேன். பையன் தேர்வுக் கட்டணம் கட்ட மறந்துவிட்டான். ஒரு புள்ளி, அபராதத்தோடு. கவலை இதனால் ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் எண்ண ஆரம்பித்த பிறகு, படுத்துக்கொண்டே செய்ய முடியாத வேலை அது என்றாவது தெரிந்தது.

இன்னொன்றும் உறைத்தது. அத்தனை இரண்டரை மணிச் சோதனைகளில் ஒன்றுகூட அந்தப் புள்ளியைப் பிடித்திருக்காது. தலைப்பு என்னவென்று தெரிந்த கண் அது. இல்லாத புள்ளியைத் தானே வைத்துப் படித்துவிடும். அதனால் பார்க்கும் முறையை மாற்றினேன். அவுட்லைன் ஆன பிறகு அட்டையைத் தாளில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணுவேன். தலைப்பில் நான்கு புள்ளி என்றால் முன்னட்டையில் நான்கு, முதுகில் நான்கு, உள்தலைப்பில் நான்கு. அப்புறம் அந்தத் தாள் அத்தையிடம் போகும். மாமியாருக்குப் புத்தகம் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து உரக்கப் படிப்பார். ஐஎஸ்பிஎன் எண்ணைக்கூட ஸ்லோகம் மாதிரி ராகம் போட்டுப் படிப்பார். இதுவரை ஏழு பிழை பிடித்திருக்கிறார். பிழைக்குப் பத்து ரூபாய்.

ஒன்பது மணிக்கு மேல் ஃபைல் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். முதலில் பயமாகத்தான் இருந்தது, வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று. ஒருநாள் அச்சகத்தில் பிளேட் போடும் பையனிடம் விசாரித்தேன். நான் நடுராத்திரி அனுப்பும் ஃபைலைக் காலை பத்தரைக்குத்தான் திறக்கிறார்களாம். இத்தனை வருடம் யாருக்காக முழித்திருந்தேன்?

காலைப் பொழுது இப்படித்தான் மிஞ்சியது. அதில் என்ன செய்வது என்று தெரியாமல் கடற்கரைக்கு நடக்க ஆரம்பித்தேன். போன் வீட்டிலேயே இருக்கும். மெரினா மணலில் கால் மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தால், கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. முன்பெல்லாம் நல்ல யோசனை வரட்டும் என்று காத்திருப்பேன். காத்திருப்பது என்றால் வெளிநாட்டு அட்டைகளாகத் தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் நமக்கு இதெல்லாம் வராது என்று சோர்ந்துபோவது. இப்போது கழித்த மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில், தீப்பெட்டி அளவில், பென்சிலால் மூன்று அட்டை வரைகிறேன். ஒன்றுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது.

முதலாவது எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். கிராமத்து நாவல் என்றால் பனைமரம். பெண் எழுதிய கதை என்றால் ஜன்னல் கம்பி, பாதி முகம். வரலாறு என்றால் ஓரம் கருகிய பழுப்புத் தாள். பனைமரம் வந்தே தீரும், எத்தனை வருடம் ஆனாலும் வரும். முன்பு அது வந்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். வரைந்து தள்ளிவிட்டால் நகர்ந்து அடுத்ததுக்கு வழி விடுகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவது பழக்கம், புத்தகத்தைப் படிப்பது. சிரிக்காதீர்கள், அட்டை செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்னட்டை வாசகத்தைத்தான் படிக்கிறோம். படிக்கும்போது கையில் எடுக்கக்கூடிய பொருள் எது வந்தாலும் பென்சிலால் வட்டமிடுவேன். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எழுதிய தன்வரலாறு. முதல் படம் வெள்ளைத் தொப்பி, இரண்டாவது நீளமான வராண்டா. வட்டங்களைத் திருப்பிப் பார்த்தால் சேஃப்டி பின் ஐந்து இடத்தில் வந்திருந்தது. வார்டு சாவி, சீட்டு, குழந்தையின் கைப்பட்டை என்று எதை எதையோ அவர் அதில்தான் மாட்டி வைத்திருக்கிறார். வெள்ளை அட்டையில் ஒரே ஒரு சேஃப்டி பின் வைத்தேன். பதிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. காலியாக இருக்கிறது, ஒரு முகம் போடுங்கள் என்றார். அந்த அம்மாவுக்குப் படத்தை அனுப்பினோம். “இது என் முந்தானையில இருந்ததுதான்” என்று சொல்லிவிட்டார். அப்படியே அச்சானது.

காசு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மனநிம்மதியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் என் கவலைப் பட்டியல் எதிலும் இல்லை. முப்பது புத்தகத்துக்கு மேல் முடித்துக் கொடுத்திருந்தேன். பல பதிப்பாளர்களின் இருப்பு தண்ணீரில் போய்விட்டது, ஜனவரிப் புத்தகக் காட்சியும் நடக்காமல் மாதங்கள் தள்ளிப்போனது. நனைந்த புத்தகத்தை மொட்டைமாடியில் பரப்பிக்கொண்டிருக்கிறவரிடம் போய் என் பில் என்று கேட்க முடியுமா? செயின் அடகுக் கடைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் பாதிப் பணம் முன்பணமாக வாங்கப் பழகினேன். கேட்க நாக்கு கூசும். கேட்டுப் பழகினால் கூசாது. புத்தகம் அல்லாத வேலையும் எடுக்கிறேன்: அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டு மலர், பயிற்சிக் கையேடு, கல்யாணப் பத்திரிகை. யாரும் பாராட்டாத வேலைதான். ஆனால் ஏப்ரல், மே மாத வாடகையை அதுதான் கட்டுகிறது, அதனால்தான் நவம்பரில் பிடிக்காத அட்டையை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொன்னார் டாக்டர். எங்கள் போர்ஷனுக்குள் இருபது அடி கிடையாது. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன். அதில் ஒரு காக்கை.

புள்ளிக் கணக்கு உதவாத இடமும் வந்தது. வருடத்துக்கு இருபது அட்டை தந்துகொண்டிருந்த பதிப்பாளர் ஒருவர் இரண்டு வருடமாக நான்குதான் தருகிறார். மற்றவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவில் அவரே படம் செய்துகொள்கிறார். கோபப்பட முடியவில்லை, சில படங்கள் நன்றாகவே இருக்கின்றன. அதில் தமிழ் எழுத்து பிசகி வருவதைக் காட்டிச் சிரிக்கிற நண்பர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்று பிசகுவது நாளை சரியாகிவிடும். “எத்தனை புள்ளி?” என்று வீட்டுக்காரர் கேட்டார். எண்ணிப் பார்த்தேன், பிடிபடவில்லை. தெரியல, தூங்குங்க என்றேன்.

அந்தச் சமயத்தில் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பழைய அட்டைகளைப் பார்க்கப் போனேன். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறினால் வெகுதூரமில்லை. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்த நூலகம் அது, 1994-ல் சென்னையில் தொடங்கியது. அங்கே பார்த்த பழைய தலைப்புகளில் பல கையால் எழுதியவை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் லை, ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு யானை. கம்ப்யூட்டர் எழுத்துரு இருபதைத் திருப்பித் திருப்பிப் போட்டே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

நானும் கையால் எழுதிப் பழக ஆரம்பித்தேன். தட்டைப் பிரஷ், போஸ்டர் கலர், பழைய பேப்பர். ஆறு மாதம் ழ மட்டுமே எழுதினேன் என்று சொல்லலாம், அவ்வளவு கெட்ட எழுத்து அது. கீழே திரும்பும் இடத்தில் பிரஷ் விரிந்துவிடும். இப்போது இரண்டு பதிப்பாளர்கள் தலைப்பைப் பிரஷில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போன பதினாறு அட்டைக்கு இது ஈடாகாது. ஆகுமா என்றும் தெரியாது. எழுதுகிற நேரத்தில் அந்தக் கேள்வி வருவதில்லை, பிரஷைக் கழுவும்போது வருகிறது.

இந்த சீசனில் தமிழாசிரியரின் இரண்டாவது தொகுப்பு வந்திருக்கிறது. இதற்கும் பிரஷ் எழுத்துதான். போனில் ஒரு கோரிக்கை வைத்தார்: “முதுகுல மட்டும் புள்ளி வைக்காதீங்க மேடம். நானே வந்து வெச்சிக்கிறேன். பாய் கடையில சாயந்தரம் டீ நல்லாருக்கும்.” பதிப்பாளரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பே வரவில்லை. சரி, புள்ளியோடுதான் போகிறது. தலைகீழாக வைத்து எண்ணிவிட்டேன், ஐந்து. அத்தையும் எண்ணிவிட்டார்.